கொட்டேஷன் கொடுத்தாயிற்று, அப்புறம்?

கேள்வி: வெள்ளவத்தையில் அலுமினியம், கண்ணாடி வேலை எடுத்துச் செய்கிறோம். ஜன்னல், பார்ட்டிஷன், பான்ட்ரி கபேர்ட் எல்லாம். கணக்கும் ஒபிசும் என் பொறுப்பு. அளவெடுப்பதும் வேலைத்தளமும் தம்பி. போன் எடுக்க ஒரு பிள்ளை இருக்கிறாள். மாதம் முப்பது நாற்பது கொட்டேஷன் போகிறது. யாருக்குக் கொடுத்தோம் என்பதெல்லாம் சிஆர் கொப்பியில் ஒழுங்காக இருக்கிறது, திரும்பக் கேட்பதுதான் நடப்பதில்லை. போன மாதம் தெஹிவளையில் ஒரு வீட்டுக்காரர், "நீங்கள் பிறகு கோல் எடுக்கவே இல்லை, வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன்" என்றார். எங்கள் விலைதான் குறைவாம். இப்போது ஒருவர் வந்து, வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சிஆர்எம் மென்பொருளை மாதக் கட்டணத்துக்குத் தருகிறேன் என்கிறார். எங்கள் கணினியில் எக்செலும் அவுட்லுக்கும் ஏற்கெனவே இருக்கின்றன. வாங்குவதா, இருப்பதை வைத்தே சமாளிக்கலாமா? மூன்று பேருடைய போனிலும் நம்பர்கள் கலந்து கிடக்கின்றன. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். (வாசகி, கொழும்பு 06)

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒரே ஒரு அட்டவணை போதும். அதை மூன்று மாதம் மூன்று பேரும் விடாமல் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு மென்பொருள் தேவையா, எந்த மென்பொருள் என்பதை நீங்களே தெளிவாகச் சொல்வீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் சிஆர் கொப்பியில் இருப்பது நடந்து முடிந்த விஷயம். இன்ன திகதி, இன்னாருக்கு, இவ்வளவு தொகை. அந்த வரியைப் பார்க்கிறவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. தெஹிவளை வீட்டுக்காரரின் பெயரும் அந்தக் கொப்பியில் நிச்சயம் இருக்கும். அவருக்கு எப்போது கோல் எடுப்பது, யார் எடுப்பது என்ற இரண்டும் எங்கும் இல்லை. தம்பி அக்கா எடுப்பா என்று நினைத்திருப்பார், நீங்கள் அளவெடுத்த தம்பிதான் கதைப்பான் என்று நினைத்திருப்பீர்கள். விலை உயர்ந்த மென்பொருளிலும் இந்த இரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தால் இதே கதைதான்.

ஆகவே உங்கள் அட்டவணைக்கு ஒரே ஒரு சட்டம்: முடிவு தெரியாத எந்த வாடிக்கையாளரின் வரியிலும் "அடுத்த திகதி", "யார் எடுப்பது" ஆகிய இரண்டும் காலியாக இருக்கக் கூடாது. வேலை கிடைத்தது, கிடைக்கவில்லை, அல்லது நாங்களே விட்டுவிட்டோம் என்று எழுதும் வரைக்கும் அந்த வரிக்கு ஒரு திகதி வேண்டும். ஒரு கோல் முடிந்து போனை வைக்கும்போதே அடுத்த திகதியைப் போட்டுவிட வேண்டும். பின்னேரம் போடலாம் என்று தள்ளினால் அன்று பின்னேரம் லொறி வந்து நிற்கும்.

அட்டவணையில் என்னென்ன வேண்டும்? பெயர், போன் நம்பர், வேலை நடக்கும் இடம், எந்த மொழியில் கதைப்பது, யார் சொல்லி வந்தார், கொட்டேஷன் இலக்கமும் திகதியும் தொகையும், கடைசியாக அவர் சொன்னது, அடுத்த திகதி, யார் எடுப்பது, நிலைமை. இதற்கு மேல் ஒரு கட்டமும் சேர்க்காதீர்கள். பிறந்த நாள், மின்னஞ்சல், அடையாள அட்டை இலக்கம் என்று கூட்டிக்கொண்டே போனால் அந்தப் பிள்ளைக்கு எழுதவே அலுத்துவிடும்.

மொழிக்கு ஏன் தனிக் கட்டம் என்று யோசிப்பீர்கள். கொழும்பில் அது இல்லாமல் ஏலாது. நுகேகொடையில் இருக்கும் சிங்களக் குடும்பத்துக்கு யார் கோல் எடுத்தால் நன்றாகக் கதைக்க முடியும், பம்பலப்பிட்டி கட்டடக்கலைஞருக்கு ஆங்கிலத்தில் யார் விளக்குவது என்பது முதல் நாளே முடிவாக வேண்டிய விஷயம். பெரும்பாலும் அந்தக் கட்டமே "யார் எடுப்பது" என்பதையும் தீர்த்துவிடும்.

"கடைசியாக அவர் சொன்னது" என்ற கட்டத்தில் உங்கள் கருத்தை எழுத வேண்டாம், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். "ஆர்வமாக இருக்கிறார்" என்று எழுதினால் மூன்று கிழமை கழித்து அது எதற்கும் உதவாது. ஒரு வரி எப்படி இருக்கலாம் என்று காட்டுகிறேன். வேலை: மூன்றாம் மாடி வீடு, மூன்று ஜன்னலும் ஒரு ஸ்லைடிங் கதவும். சொன்னது: "மகன் டொரொண்டோவில், காசு அவர்தான் அனுப்புவார், சனிக்கிழமை இரவு கதைத்துவிட்டுச் சொல்கிறேன். கதவு வெள்ளையா பிரவுனா என்று இன்னும் முடிவில்லை." அடுத்த திகதி: திங்கள். யார்: அக்கா. இப்படி எழுதியிருந்தால் திங்கட்கிழமை நீங்கள், "கொட்டேஷன் பார்த்தீர்களா அம்மா?" என்று மொட்டையாகக் கேட்க மாட்டீர்கள். "மகனோடு கதைத்தீர்களா? வேண்டுமென்றால் பிரவுன் கதவு போட்ட ஒரு வீட்டுப் படம் அவருக்கும் அனுப்பிவிடுகிறேன்" என்பீர்கள். சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரியும். வேலையும் அப்படித்தான் பொறுப்பாகச் செய்வார்கள் என்று அவர் மனதில் விழும்.

அந்த மகனிடமே நேரே கதைக்க வேண்டி வந்தால் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு இரவு ஏழு மணி என்றால் டொரொண்டோவில் கோடை காலத்தில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. லண்டனில் பகல் இரண்டரை அல்லது ஒன்றரை. கடை பூட்டுகிற நேரம் அவர்களுக்கு வசதியான நேரம்.

இனி, மிகவும் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று. நம் ஆட்கள் திகதி சொல்ல மாட்டார்கள். "பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம்", "லோன் கிடைத்ததும் சொல்கிறேன்", "அண்ணா வந்த பிறகு", "குடிபூரலுக்கு முதல் முடிக்க வேண்டும்", "டைல்ஸ் வேலை முடியட்டும்". இவை மறுப்பு இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு திகதி இருக்கிறது, அதை அந்தக் கோலிலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். "லோன் எப்போது கிடைக்கும் என்று பாங்கில் சொன்னார்கள்?" "டைல்ஸ் பாஸ் எத்தனையாம் திகதி முடிப்பதாகச் சொல்கிறார்?" இப்படிக் கேட்பதில் தொந்தரவு எதுவும் இல்லை. அவருடைய வேலை ஒழுங்கைத்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள். அப்படியும் பதில் வரவில்லை என்றால் நீங்களே ஒரு திகதி சொல்லுங்கள்: "சரி, நான் இருபதாம் திகதி போல ஒரு கோல் எடுக்கட்டுமா?" அவர் ஓம் என்றால் அது இருவரும் ஒப்புக்கொண்ட நாள். இருபதாம் திகதி நீங்கள் எடுக்கும்போது நச்சரிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

குடிபூரல் என்று சொன்னால் மட்டும் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். இந்துக் குடும்பங்களில் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் புது வீடு புக மாட்டார்கள். ஆவணியில் நாள் வைத்திருக்கிறார்கள் என்றால் ஜன்னலும் கதவும் ஆடி முடியும் முன் பூட்டியாக வேண்டும், அதற்கு ஆனியிலேயே முற்பணம் வாங்கிப் பொருளுக்கு ஓர்டர் போட்டாக வேண்டும். ஆகவே உங்கள் கோல் வைகாசிக் கடைசியில். இதை வாடிக்கையாளரிடமே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அவருக்கும் அந்த நாள் கணக்கு புரிந்தால் முடிவு தானாக வேகமெடுக்கும்.

மற்ற நாட்களையும் பார்த்துத்தான் திகதி போட வேண்டும். போயா தினத்தில் கோல் எடுத்துப் பயனில்லை. ஏப்ரலில் புத்தாண்டுக்கு முன்னும் பின்னுமாக ஒரு கிழமைக்கு மேல் கொழும்பே ஊருக்குப் போய்விடும், அந்த நாட்களில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. முஸ்லிம் வாடிக்கையாளருக்கு வெள்ளி மத்தியானம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை வேண்டாம். ஆடிவேல் ரதம் காலி வீதியில் வரும் நாளில் பம்பலப்பிட்டியில் அளவெடுக்க வருகிறேன் என்று சொன்னால், தம்பி வானோடு நடுவழியில் நிற்பார்.

எக்செலிலும், இணையத்தில் திறக்கும் அட்டவணையான கூகுள் ஷீட்ஸிலும் இதற்கு உதவுகிற ஒரு சூத்திரம் இருக்கிறது, வொர்க்டே.இன்டிஎல் (WORKDAY.INTL) என்று பெயர். ஆரம்பத் திகதி, எத்தனை வேலை நாள், எந்தக் கிழமை விடுமுறை, விடுமுறைப் பட்டியல் என்ற நான்கையும் கொடுத்தால் அடுத்த திகதியை அதுவே சொல்லும். மூன்றாவது இடத்தில் 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் விடுமுறை என்று எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை வேலை செய்யும் உங்களுக்கு அதுதான் சரி. அந்த வருடத்துப் போயா நாட்களையும் மற்ற விடுமுறைகளையும் இன்னொரு பக்கத்தில் ஒரு முறை எழுதி வைத்தால் போதும். கொட்டேஷன் போன நாளிலிருந்து மூன்றாவது வேலை நாள் என்று முதல் கோலுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் திகதிகளை வாடிக்கையாளர் சொன்னதை வைத்து நீங்களே போட வேண்டும்.

எக்செலா கூகுள் ஷீட்ஸா? உங்களுக்கு நான் கூகுள் ஷீட்ஸைச் சொல்வேன். தம்பி வேலைத்தளத்தில் நிற்கிறார், அவருக்குப் போனில் திறக்க வேண்டும். ஒபிஸ் கணினியில் மட்டும் இருக்கும் எக்செல் கோப்பை அவர் பார்க்க முடியாது. அதைப் பிரதி எடுத்து அனுப்பத் தொடங்கினால் இரண்டு கிழமையில் எது சரியான பிரதி என்று தெரியாமல் போகும். எக்செல்தான் பழக்கம் என்றால் கோப்பை மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடமான வன்டிரைவில் வைத்து மூவருக்கும் பகிருங்கள், அதுவும் நல்ல வழிதான். எப்படியானாலும் கடையின் பெயரில் ஒரு புதுக் கணக்குத் திறந்து, அதன் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் அட்டவணை இருந்தால், அவள் கலியாணம் முடித்துப் போகும் நாளில் உங்கள் வாடிக்கையாளர்களும் கூடவே போய்விடுவார்கள்.

தொடங்கும் முன் சில விஷயங்களைச் சரி பார்க்க வேண்டும். பின்னால் இவைதான் தலைவலி தரும்.

முதலாவது போன் நம்பர். 077, 071, 076 என்று அடித்தவுடன் முன்னால் உள்ள பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும், ஏனென்றால் அதைத் தொகையாக நினைக்கிறது. அந்தக் கட்டத்தை முதலிலேயே எழுத்து வகைக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். இன்னும் நல்லது, எல்லா நம்பரையும் கூட்டல் குறியோடு 94 போட்டு, பூச்சியத்தை விட்டு, மிச்சம் ஒன்பது இலக்கத்தையும் இடைவெளி இல்லாமல் எழுதுவது. வெளிநாட்டு நம்பரும் அதே முறையில் வந்துவிடும். ஆளை அடையாளம் காண்பதற்கும் நம்பரைத்தான் நம்ப வேண்டும், பெயரை நம்பக் கூடாது. எஸ். சிவகுமார் என்று எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். புது வரி எழுதும் முன் நம்பரை ஒரு முறை தேடிப் பாருங்கள். ஏற்கெனவே இருந்தால் அதே வரியில் தொடருங்கள்.

இரண்டாவது திகதி. 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் ஐந்து. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதற்கு மே ஆறு. கூகுள் ஷீட்ஸில் அமைப்புக்குள் போய் நாட்டை மாற்றுங்கள், திகதியில் மாதம் எழுத்தில் தெரியும்படியும் வையுங்கள். ஒரு மாதம் தவறிப் போன கோல் எடுக்காத கோலுக்குச் சமம்.

மூன்றாவது, தமிழில் பெயர் எழுதுவதாக இருந்தால் பாமினி எழுத்துருவில் அடிக்க வேண்டாம். கடைகளில் இன்னும் அந்தப் பழக்கம் இருக்கிறது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, போனில் திறந்தால் வெறும் குழப்பமாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள். பிறகு எப்போதாவது இந்தப் பட்டியலை வேறு மென்பொருளுக்கு அனுப்ப நேர்ந்தால், எக்செலில் சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 (CSV UTF-8) என்ற கோப்பு வகையைத் தெரிவு செய்யுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

அவுட்லுக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நல்ல கருவிதான். ஒரு மின்னஞ்சலுக்கோ தொடர்புக்கோ கொடி குத்தி, இந்த நாள் இத்தனை மணிக்கு ஞாபகப்படுத்து என்று வைக்கலாம். ஆனால் கணினியில் நிறுவிய பழைய வகை அவுட்லுக் திறந்திருந்தால்தான் அந்த ஞாபகமூட்டல் எழும். உங்கள் மின்னஞ்சல், அஞ்சலை ஒரு கணினிக்கு இறக்கி வைக்கும் பொப் (POP) முறையில் அமைந்திருந்தால் அந்தத் தொடர்புகளும் நாட்காட்டியும் அந்த ஒரு கணினியோடு நின்றுவிடும், தம்பியின் போனுக்குப் போகாது. பழைய வழிகாட்டிகளில் பிஸ்னஸ் கொன்டாக்ட் மனேஜர் என்ற இணைப்பைப் போடச் சொல்லி இருக்கும். 2013 பதிப்புக்குப் பிறகு மைக்ரோசொஃப்ட் அதைத் தொடரவில்லை, தேடி அலைய வேண்டாம். இன்னொன்று: உங்கள் ஒபிஸ் தொகுப்பு 2016 அல்லது 2019 என்றால், அவற்றுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. வாடிக்கையாளர் விவரம் இருக்கும் கணினியில் அதையே தொடர்வது நல்லதல்ல. உங்கள் தொழிலில் மின்னஞ்சலால் நடப்பது கொஞ்சம், போனிலும் வட்ஸ்அப்பிலும் நடப்பதே அதிகம். கட்டடக்கலைஞர்களுக்கும் கம்பெனிகளுக்கும் போகும் மின்னஞ்சலுக்கு மட்டும் அவுட்லுக் கொடியை வைத்துக்கொண்டு, திகதியை அட்டவணையிலும் எழுதுங்கள்.

மூன்று போன் பிரச்சினைக்கு வழி சுலபம். கடைக்கு ஒரே ஒரு நம்பர், அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ். அந்தக் கணக்கை முதன்மைப் போனைத் தவிர இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம். தம்பியின் போன், ஒபிஸ் கணினி, உங்கள் போன் மூன்றிலும் ஒரே உரையாடல் தெரியும். அதில் லேபிள் வசதி இருக்கிறது: "அளவெடுக்க வேண்டும்", "கொட்டேஷன் போனது", "முற்பணம் வந்தது" என்று நிறம் குத்தலாம். ஆனால் லேபிளில் திகதி இல்லை. அட்டவணையை விட்டுவிட்டு லேபிளை நம்பினால் இரண்டு மாதத்தில் "கொட்டேஷன் போனது" என்ற லேபிளுக்குள் எண்பது பேர் நிற்பார்கள். சொந்தப் போனில் உள்ள பழைய வாடிக்கையாளர்களுக்கு, "இனி எங்கள் கடை நம்பர் இது, சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு செய்தி போதும். சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலருக்கு ஒரே நேரத்தில் போகும் பட்டியல் செய்தி, உங்கள் நம்பரைச் சேமித்தவர்களுக்குத்தான் சேரும்.

சரி, தினமும் என்ன செய்வது? காலையில் கடை திறந்து, வேலையாட்களை அனுப்பிய பிறகு, அட்டவணையை அடுத்த திகதிப்படி வரிசைப்படுத்துங்கள். இன்றைய திகதியும் அதற்கு முந்தியதும் சிவப்பாகத் தெரியும்படி நிற விதி ஒன்று வைத்துவிட்டால் கண்ணே காட்டிக்கொடுக்கும். மாதம் நாற்பது கொட்டேஷன் என்றால் ஒரு நாளைக்கு ஐந்தாறு கோல்தான் வரும். பத்தரைக்குள் முடித்துவிடலாம். அன்றைக்கு முடியாததை நாளைக்குத் தள்ளும்போது திகதியை மாற்றுங்கள், சிவப்பாகவே விடாதீர்கள். இருபது வரி சிவப்பாகக் கிடந்தால் நாலாம் நாள் யாரும் அந்த அட்டவணையைத் திறக்க மாட்டார்கள். அதைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பயப்படுகிறேன்.

கோலில் என்ன கதைப்பது என்பதற்கு ஒரு நியாயமான காரணம் எப்போதும் வேண்டும். உங்கள் தொழிலில் காரணம் கையிலேயே இருக்கிறது: விலை செல்லுபடியாகும் நாள். அலுமினியம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, டொலர் ஆடினால் விலையும் ஆடும். 2022 இல் ரூபாய் சரிந்தபோது போன மாத விலையை வைத்து யாராலும் வேலை செய்ய முடியவில்லை, எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். கொட்டேஷனிலேயே "இந்த விலை 14 நாளுக்கு" என்று போட்டுவிட்டுப் பன்னிரண்டாம் நாள் எடுங்கள். "விலை மாறுவதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அதனால் எடுத்தேன்" என்றால் அது அவருக்கு உதவி. ஆனால் அந்தத் திகதியை நீங்களும் மதிக்க வேண்டும். பதினைந்தாம் நாளும் அதே விலைக்குத் தந்தால் அடுத்த முறை அந்தக் கோலுக்கு மதிப்பில்லை.

மூன்று தரம் எடுத்தும் பதில் இல்லையா? ஒரு செய்தி அனுப்பிவிட்டு வரியை மூடுங்கள்: "உங்கள் ஜன்னல் வேலைக்கான கொட்டேஷனை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம். அளவுகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. தேவைப்படும்போது ஒரு செய்தி போடுங்கள், புது விலை தருகிறோம்." கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இந்தச் செய்திக்குப் பதில் போடுகிறவர்களும் இருப்பார்கள். அளவு உங்களிடம் இருக்கிறது என்பது அவருக்கு ஒரு வசதி.

கொப்பியில் உள்ள பழையவற்றையெல்லாம் அட்டவணையில் ஏற்ற வேண்டாம். கடைசி மூன்று மாதத்தை மட்டும் எடுங்கள். அந்தப் பிள்ளை ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் அடித்து முடிப்பாள். அதற்கு முந்தியவர்கள் ஏதோ ஒரு வழியில் முடிவெடுத்திருப்பார்கள்.

வேலை முடிந்தவர்களை மட்டும் மூடிவிடாதீர்கள். என் பார்வையில் உங்கள் வருமானம் கூடப் போவது அங்கேதான். தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். புதிதாகப் பூட்டிய ஜன்னலில் தண்ணீர் கசிகிறதா என்பது முதல் பெருமழையில்தான் தெரியும். புத்தாண்டு முடிந்து ஏப்ரல் கடைசியில், அந்த வருடம் வேலை செய்த எல்லோருக்கும் ஒரு திகதி போடுங்கள். "மழை தொடங்கப் போகிறது, ரப்பரும் சிலிக்கனும் சரியாக இருக்கிறதா என்று தம்பி வந்து பார்க்கட்டுமா?" மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளுக்கு இன்னும் முக்கியம். உப்புக் காற்றில் ஆணியும் பூட்டும் ரோலரும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பார்த்துச் சுத்தம் செய்தால் பல வருடம் ஓடும். அப்படிப் போகும் தம்பி, மேல் வீட்டுக்காரர் ஜன்னல் மாற்ற யோசிக்கிறார் என்ற செய்தியோடு திரும்புவார். அதற்குத்தான் "யார் சொல்லி வந்தார்" என்ற கட்டம். வருடக் கடைசியில் அந்தக் கட்டத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால், விளம்பரத்துக்குச் செலவழிப்பதா, இரண்டு பழைய வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளிப் பலகாரம் கொடுத்தனுப்புவதா என்று தெரிந்துவிடும்.

விவரங்களைப் பாதுகாப்பதில் கவனம் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. எந்தக் காரியத்துக்காக ஒருவர் விவரம் தந்தாரோ அதற்குத்தான் அதைப் பயன்படுத்தலாம், விளம்பரச் செய்தி அனுப்ப அவருடைய ஒப்புதல் வேண்டும் என்பது அதன் போக்கு. ஜன்னலுக்குக் கொட்டேஷன் கேட்டவரைத் திரும்பக் கேட்பதில் பிழையில்லை. அவருடைய நம்பரைத் திரைச்சீலைக் கடைக்காரருக்குக் கொடுப்பதுதான் பிழை. வேண்டாம் என்று சொன்னவரின் வரியில் "எடுக்க வேண்டாம்" என்று எழுதி, எல்லோரும் அதை மதியுங்கள்.

கடைசியாக அந்தச் சிஆர்எம் வியாபாரி. அவரைத் துரத்த வேண்டாம், மூன்று மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். அதற்குள் இந்த அட்டவணை உங்களுக்குப் போதாமல் போகலாம். உதாரணமாக, இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்கத் தொடங்கலாம். ஒரே வாடிக்கையாளருக்கு நாலைந்து வேலை நடந்து, பழைய கதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் போகலாம். அப்போது மென்பொருள் தேவைதான். சென்னையில் தலைமையகம் உள்ள ஸோஹோவின் சிஆர்எம்மில் மூன்று பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தும் பதிப்பு உண்டு. நீங்கள் மூன்று பேர்தானே, முதலில் அதில் உங்கள் பட்டியலை ஏற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இவருடையதுதான் பிடிக்கிறது என்றால் அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. கட்டணம் ரூபாயிலா டொலரிலா? ஆளுக்கு ஒரு கட்டணமா, கடைக்கு ஒரு கட்டணமா? தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் போனில் ஒழுங்காகத் தெரியுமா? நாங்கள் நிறுத்தினால் எங்கள் பட்டியல் முழுவதையும் எக்செலில் எடுத்துக்கொண்டு போக முடியுமா? கடைசிக் கேள்விக்கு வாயால் ஓம் என்றால் போதாது. உங்கள் முன்னாலேயே பத்துப் பேரின் விவரத்தை ஏற்றி, திரும்ப இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கையெழுத்துப் போட வேண்டாம்.